பொட்டு வைத்த இடத்தில் துரு

எங்கள் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கியின் இடது குழலில், மூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டைவிரல் நகத்தளவு ஒரு வட்டம் இருக்கிறது. சுற்றிலும் கருநீல மினுமினுப்பு. வட்டத்துக்குள் மட்டும் சாம்பல் நிறம், சொரசொரப்பு. அதன் நடுவே மிளகளவில் இன்னும் ஆழமான ஒரு பள்ளம். வெளியில் இருப்பது சந்தனம், உள்ளே இருப்பது குங்குமம். 2015 ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு அது.

அப்பா 2013இல் தவறினார். லைசென்ஸ் என் பெயருக்கு மாறி, துப்பாக்கி மறுபடி வீடு வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்தி, மருந்தடிக்கும் மெஷின் எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, அவற்றின் நடுவில் துப்பாக்கியை வைத்தோம். அம்மா சந்தனத்தைக் கரைத்துக் கொடுத்தார். வைத்தேன். மறுநாள் விஜயதசமி முடிந்து காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்து, தோல் உறைக்குள் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த வருட மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். டிசம்பரில் சென்னை மூழ்கியது. கீழ்ப்பழனி மலையில் எங்கள் பக்கமும் வாரக்கணக்கில் வெயிலே இல்லை. தை பிறந்து திறந்து பார்த்தபோது உறையின் உள்பக்கத் துணியில் செங்காவிக் கறை. குழலில் பொட்டு இருந்த இடம் பொருக்குத் தட்டியிருந்தது.

அப்பா இருந்தவரை அந்தக் குழலில் ஒரு புள்ளி கிடையாது. பொட்டு வைத்த அன்று இரவே, எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எண்ணெய்த் துணியோடு போய்த் துடைத்துவிட்டு வருவார். அதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இந்தப் பதிவு அந்த ‘ஏன்’ பற்றியது. மலைத்தோட்டங்களில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி, துப்பாக்கியைப் பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் தாத்தா வாங்கியது, அப்பா வைத்திருந்தது. எங்களுடையது பர்மிங்காமில் செய்த பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு அது). தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் தாத்தா வாங்கினார். இப்போது அதற்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். வருடத்தில் 360 நாள் இருட்டில் கிடக்கிறது. அதுதான் ஆபத்து. அடிக்கடி எடுக்கும் துப்பாக்கியை அடிக்கடி துடைப்போம். எடுக்காத துப்பாக்கியில் துரு நம் கண்ணில் படாமல் வளரும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் மூன்று வருடத்துக்குப் பதில் ஐந்து வருடம் செல்லும். அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் புதுப்பிக்கும்போது மட்டும் பெட்டியைத் திறப்பவர்களுக்கு அந்த ஐந்து வருடம் மிக நீளம்.

பொட்டைப் பார்த்த மறுவாரமே, மதுரையில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு அந்த வட்டத்தின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“எண்ணெய் போடலையா தம்பி?”

“போட்டுத்தான் வச்சேன் ஐயா. நிறையவே போட்டேன்.”

“அதுதான் தெரியுதே” என்று கட்டையின் தலைப்பக்கத்தைக் காட்டினார். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் மரம் கருத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. “எண்ணெய் எல்லாம் இங்க இறங்கிடுச்சு. குழல் மேல ஒண்ணும் நிக்கல. நீங்க இரும்புக்கு வைத்தியம் பார்க்கிறீங்க. காத்துக்கு யார் பார்க்கிறது?”

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் காப்பி. தோட்டக்காரன் ஈரத்தோடுதான் வாழ்கிறான். காப்பிக்கொட்டையைக் களத்தில் காயவைத்து, ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் சாக்கில் கட்டுவோம். நன்றாகக் காய்ந்த சரக்கையும் மழை நாளில் திறந்த கொட்டகையில் போட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே விழாமலே ஈரம் ஏறிவிடும். காற்று கொண்டுவந்து கொடுக்கும். காப்பிக்கு இவ்வளவு தெரிந்த நான், அதே வீட்டுக்குள் அதே காற்றில் நிற்கும் இரும்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரில் நனைய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான இரும்பில் துரு மிக மெதுவாகத்தான் நடக்கும். அதைத் தாண்டியதும் வேகம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இரும்பின் மேல் படிந்து, அதற்குள் ஆக்சிஜன் கரைந்து வேலையை ஆரம்பித்துவிடும். உப்போ அழுக்கோ படிந்திருந்தால் 60 வரைகூடக் காத்திருக்காது. எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் 85க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

ஈரக் காற்றைவிட மோசமானது வியர்வை. நம் வியர்வையைச் சொல்லவில்லை, இரும்பின் வியர்வையை. குளிர்ந்த தண்ணீர் சொம்பின் வெளிப்பக்கம் நனைந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மார்கழி இரவில் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ சில்லென்று ஆகிவிடும். உள்ளே குழலும் அப்படியே. காலையில் அடுப்பு எரிந்து, வெந்நீர் கொதித்து, வீட்டுக் காற்று 20 டிகிரிக்கு வரும். அதில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், 16 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அது தண்ணீராகப் படியும். அந்த நேரத்தில் பீரோவைத் திறந்தால் குழல் வியர்க்கும். வெளியே பனியில் கொண்டுபோன துப்பாக்கியை உடனே வீட்டுக்குள் கொண்டுவந்து உறையில் போட்டாலும் இதே கதைதான். அரைமணி நேரம் திறந்து வைத்து, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு துடைத்து வைக்க வேண்டும்.

பொட்டுக்கு வருகிறேன். காய்ந்த சந்தனம் பஞ்சு மாதிரி. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத் தனக்கு அடியில் வைத்துக்கொள்ளும். குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும், கடைக் குங்குமமானால் சாயமும் சேர்ந்திருக்கும். ஈரமான திட்டு ஒன்று இரும்பின் மேல் உட்கார்ந்தால், ஓரத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கும், நடுவில் கிடைக்காது. இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலம் போல வேலை செய்து, காற்றுக் கிடைக்காத நடுப்பகுதியைத்தான் அரிக்கும். மிளகளவுப் பள்ளம் சரியாக நடுவில் விழுந்தது அதனால்தான்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. அந்தக் குழலின் கருநீலமே ஒருவகைத் துருதான். பழைய இரட்டைக் குழல்களில் இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள். சூடான உப்புக் கரைசலில் முக்கிக் கறுக்க வைத்தால் அந்தப் பற்று கெட்டுவிடும். அதனால் குழலை வேண்டுமென்றே லேசாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சிவப்புத் துரு கறுப்புத் துருவாக மாறும். உதிர்வதைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி துருப்பிடிக்க வைத்து, மறுபடி கொதிக்க வைப்பார்கள். இப்படிப் பல தடவை செய்யும்போது படிப்படியாக ஏறுவதுதான் அந்த நிறம். சிவப்பு இரும்பைத் தின்னும், கறுப்பு இரும்போடு ஒட்டி நின்று ஓரளவு காக்கும். இதைத் தெரிந்துகொண்டால் புளியை எடுத்துக்கொண்டு துப்பாக்கி பக்கம் போகமாட்டீர்கள். குத்துவிளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் புளி, எலுமிச்சை, வினிகர் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. புளிப்புக்குச் சிவப்புத் துருவும் தெரியாது, கறுப்பும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். வெள்ளை இரும்பு வெளியே வந்து, அடுத்த மழையில் மொத்தமாகத் துருப்பிடிக்கும்.

என் பொட்டுக்கு அவர் செய்தது இவ்வளவுதான்: எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். காலையில் பஞ்சு போல மெல்லிசான, நான்கு பூஜ்யம் என்று சொல்லும் இரும்பு நாரில் எண்ணெயைத் தொட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்தார். கறுப்புக்குச் சேதமில்லாமல் சிவப்பு மட்டும் கரைந்து வந்தது. பள்ளம் நின்றுவிட்டது. அதை நிரப்ப முடியாது என்றார். நிரப்பச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தத் தோல் உறையைத் துப்பாக்கியிடமிருந்து பிரித்தேன். தாத்தா காலத்து உறை, பித்தளைக் கொக்கிகள், உள்ளே சிவப்புக் கம்பளித் துணி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தோலைப் பதனிடச் சேர்த்த உப்பும் அமிலமும் தோலுக்குள்ளேயே இருக்கின்றன. கம்பளி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கேன்வாஸ் பையும் ஸ்பாஞ்சு வைத்த பெட்டியும் அதே குணம்தான். உறை எடுத்துப் போவதற்கு. வைப்பதற்கு அல்ல. இப்போது துப்பாக்கி எதனாலும் மூடாமல், பீரோவுக்குள் குழல்வாய் கீழ்நோக்கி நிற்கிறது. அடியில் பல மடிப்புப் பருத்தித் துணி. மிச்ச எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் அந்தத் துணிக்குள் இறங்கும்.

பிறகு பீரோ. முதல் முயற்சி சிலிக்கா ஜெல். அரைக் கிலோ வாங்கிப் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்தேன். நீல மணி, ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். பத்தே நாளில் முழுக்கச் சிவந்துவிட்டது. எனக்கு நம்ப முடியவில்லை. ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் தண்ணீரைத்தான் சுமக்கும். ஆறரை அடி பீரோவின் உள்ளளவு ஒரு கன மீட்டருக்கும் குறைவு. அதாவது பீரோவுக்குள் இருக்கும் மொத்தத் தண்ணீரே மூன்று டீஸ்பூன். அரைக் கிலோ ஜெல் சாதாரணமாக 100 கிராமாவது குடிக்கும். அப்படியானால் மீதித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கதவு இடுக்கிலிருந்து. நான் காயவைத்துக்கொண்டிருந்தது என் பீரோவை அல்ல, மலைக்காற்றை.

கதவு விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங் ஒட்டினேன். பின்பக்க ஆணித் துளைகளை அடைத்தேன். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தினேன். அதன் பிறகு அதே அரைக் கிலோ ஆறு வாரம் தாங்கியது. செலவு 200 ரூபாய்க்குள். ஜெல் சிவந்தால் தூக்கிப் போட வேண்டாம். 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். ஒன்றே ஒன்று, அந்த நீல நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு. அது உடம்புக்கு ஆகாது. அதனால் இப்போது ஆரஞ்சு நிற மணி வாங்குகிறேன். எந்த நிறமானாலும் சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம், அதற்கென்று ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பீரோவில் ஜெல் கிடையாது. ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். ஜீரோ வாட் என்று பெயர், உண்மையில் 15 வாட் இழுக்கும். பட்டுப்புடவை பூசணம் பிடிக்காமல் இருக்க என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். புடவையும் பிழைத்தது, துப்பாக்கியும் பிழைத்தது. அந்தச் சின்னச் சூட்டின் கணக்கு அழகானது: 80 சதவீத ஈரப்பதமுள்ள 20 டிகிரிக் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளித் தண்ணீரை வெளியேற்றாமலே ஈரப்பதம் 60 பக்கம் இறங்கிவிடும். இரும்பும் சுற்றிலும் உள்ள காற்றைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் வியர்க்காது.

அப்பாவுக்குப் பிறகு அந்தப் பல்பு ஃபியூஸ் ஆனபோது, கரண்ட் மிச்சம் என்று எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டியவன் நான்தான். அரை வாட். வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. 2015 மழையில் பீரோவுக்குள் எரிந்துகொண்டிருந்தது அந்த பல்பு. அது தெரிந்த நாளில் எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

இப்போது பல்புக்குப் பதில், இதற்கென்றே விற்கும் மின்சாரச் சூட்டுத் தண்டு ஒன்றை அடித்தட்டில் பொருத்தியிருக்கிறேன். குழல்வாய்க்கு அடியில் இருக்கும் துணியைத் தவிர எண்ணெய்த் துணி, பஞ்சு, தோட்டா எதுவும் அந்தப் பீரோவுக்குள் இல்லை. தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். பூட்டு இரண்டும் திண்டுக்கல் பூட்டு. கரண்ட் போகும் நாட்களுக்கு ஜெல், கரண்ட் இருக்கும் நாட்களுக்குத் தண்டு. இரண்டும் சேர்ந்து ஈரப்பதத்தை 45க்கும் 55க்கும் நடுவில் நிறுத்துகின்றன. அதற்கும் கீழே கொண்டுபோக ஆசைப்படக் கூடாது. 40க்குக் கீழே போனால் கட்டை சுருங்கி விரிசல் விடும். இரும்புக்கு வறட்சி பிடிக்கும், வால்நட் மரத்துக்குப் பிடிக்காது.

இதையெல்லாம் சொல்ல ஈரப்பதமானி வேண்டும். சின்ன டிஜிட்டல் கருவி போதும், ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் கருவியையும் ஒரே ஜிப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஓர் இரவு கழித்து 75 காட்ட வேண்டும். உப்பின் குணம் அது. என்னுடையது 69 காட்டியது. அதனால் எப்போதும் ஆறு கூட்டிப் படிக்கிறேன்.

சரி, எண்ணெய். அந்தக் காலத்தில் தாத்தா பயன்படுத்தியது ரங்கூன் ஆயில். பர்மா எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த கனிம எண்ணெய். வெள்ளைக்காரர்கள் தம் துப்பாக்கிகளுக்கு அதைத்தான் நம்பினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் மட்டும் மிஞ்சியது. இன்றைக்கும் அம்மா எந்தத் துப்பாக்கி எண்ணெயையும் ‘ரங்கூன் எண்ணெய்’ என்றுதான் சொல்வார். நான் பயன்படுத்துவது தையல் மெஷின் எண்ணெய் வகையைச் சேர்ந்த சுத்தமான கனிம எண்ணெய். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் வெளிப்புறத்துக்கு மெழுகுப் பூச்சு. தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். நாளானால் காறி, அமிலம் கூடி, அதுவே இரும்பைக் கடிக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும். மலையில் மார்கழி மாதம் விசைக்குள் உறைந்த தேங்காயெண்ணெயை நினைத்துப் பாருங்கள். டபிள்யூ.டி.-40 பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்காகவே செய்த கலவை அது, 40ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். மழையில் நனைந்த துப்பாக்கியின் இடுக்குகளிலிருந்து தண்ணீரை வெளியேற்ற அருமையானது. ஆனால் அதோடு நிறுத்திப் பீரோவில் வைக்கக் கூடாது. அதன் படலம் மெல்லிசு. துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் போட வேண்டும்.

எவ்வளவு போட வேண்டும்? பெரியவர் காட்டிய அளவு இது: ஒரு கைக்குட்டை அளவுப் பருத்தித் துணியில் ஐந்தாறு சொட்டு விட்டு, கசக்கி, ஒரு நாள் மூடிய டப்பாவில் வைத்தால் எண்ணெய் துணி முழுக்கப் பரவிவிடும். அந்தத் துணியால் துடைத்த குழலில் விரலை வைத்தால் ரேகை பதிய வேண்டும். எண்ணெய் விரலில் வழியக் கூடாது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, பீரோவைத் திறக்கிறேன். துப்பாக்கியை மூட்டில் மடக்கி, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் இருந்ததில்லை, இருந்தாலும் பார்க்கிறேன். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு எண்ணெய்த் துணியால் ஒரு முறை, குழலுக்குள் கம்பியில் சுற்றிய துணியால் ஒரு முறை. பத்து நிமிட வேலை. கையுறையைச் சிலர் அதிகப்படி என்று நினைக்கலாம். அதற்குக் காரணம் ஒரு தேர்தல்.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே தெரிந்த நடைமுறை. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16இல் வந்தது, முடிவு ஜூன் 4இல். இடையில் நல்ல கோடைக்காலம். நான் ஒப்படைத்த துப்பாக்கி பத்திரமாகத்தான் திரும்பி வந்தது, ஒரு கீறல் இல்லை. ஆனால் துப்பாக்கி நம்பரைச் சரிபார்க்க, அடுக்க, எடுக்க என்று எத்தனையோ கைகள் மாறியிருக்கும். கோடையில் வியர்க்காத கை ஏது? வலது குழலின் மேல் நான்கு விரல்கள் வரிசையாக, ரேகையின் ஒவ்வொரு கோடும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக, ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தன. யாரோ ஒருவர் அதை மிகக் கவனமாக, கீழே விழாமல் பிடித்திருக்கிறார் என்பது அந்த அழுத்தத்திலேயே தெரிந்தது. வியர்வையின் உப்பு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எண்ணெயும் இரும்பு நாரும் கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எடுத்தேன். நல்லவேளை, பள்ளம் விழவில்லை.

ஆயுத பூஜைக்குப் பொட்டு இப்போது பீரோ கதவில். முதல் வருடம் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “ஆயுதத்துக்கு வைக்காம பெட்டிக்கு வைக்கிறதாப்பா?” என்றார். குழலில் அந்த வட்டத்தை எடுத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவரே சந்தனத்தை எடுத்துக் கதவில் வைத்தார்.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்க வேண்டியவை ஒரு தகர டப்பாவில் தயாராக இருக்கின்றன. வெளியில் பூச ஒரு சின்ன டப்பா கிரீஸ். அதற்கு மேல் சுற்ற, துருத் தடுப்பு ஆவி விடும் பழுப்புக் காகிதம் இரண்டு தாள். பெரிய எந்திர பாகங்களைக் கப்பலில் ஏற்றும்போது சுற்றுவார்களே, அதே காகிதம். அதற்கும் மேல் போட, இரு பக்கமும் கட்டும் பருத்தி உறை ஒன்றை அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார். கட்டையில் நூலால் கட்ட ஒரு அட்டையும் எழுதி வைத்திருக்கிறேன்: “ஐயா, நம்பரைப் பார்க்க உறையைக் கட்டைப் பக்கம் அவிழ்த்தால் போதும். குழலைத் தொட்டால் இந்தத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். நன்றி.” அட்டையோடு ஓர் எண்ணெய்த் துணியும் சின்ன ஜிப் பையில் இருக்கிறது.